பூவாத்தா அக்காளோட நாய்

நரிதான்னு உங்களுக்கு நல்லாத் தெரியுமுங்களா தம்பி? நாயாக்கூட இருக்கலாம். விடியற வெளிச்சத்துல எல்லாமே ஒரே மாதிரித்தான் தெரியும். வாலு எப்பிடி இருந்துது? பொசுபொசுன்னு, நுனி கறுத்து, தரையக் கூட்டற மாதிரியா? ம். அப்ப நரிதானுங்க.

உக்காருங்க. அந்தக் கட்டல்ல உக்காருங்க, துணிய அக்கட்டால தள்ளிப்போட்டு. எங்கூட்டுக்காரரு ஆடு மேய்க்கக் காட்டுக்குப் போயிருக்கறாரு, பொழுதோடதான் வருவாரு. மோர் குடிங்க. கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் வேலைய உட்டுப்போட்டு ஆடு வளக்க வந்திருக்கறீங்கன்னு சொன்னாங்க. பூவாத்தா அக்காளோட தோட்டத்த நீங்க குத்தகைக்கு எடுத்ததுல எங்களுக்குச் சந்தோசந்தானுங்க. பூட்டிக் கெடந்த ஊட்டப் பாத்துட்டே இருக்கறது ஒரு மாதிரி இருந்துது. நெசமா. பொழுதோட அங்க லைட்டு எரியறதப் பாத்தா இப்பக்கூட ஒரு நிமிசம் அக்காதான் வந்துட்டாளோன்னு தோணும்.

நரிக்கு என்ன பண்றதுன்னு கேக்கறீங்க. நாங்க பண்ணாதது ஒண்ணுமில்லீங்க. வேலியோட அடிப்பக்கம் பாருங்க மொதல்ல. வேலிக் கிளுவை மேல்பக்கம் பச்சப்பசேல்னு அடர்த்தியா இருக்கும், நம்ம பாத்துட்டு ஆகா நல்ல வேலின்னு நெனச்சுக்குவோம். அடியில பாத்தா ஒரு கூடை நொழையற சந்து இருக்கும். நரி தலை போனா ஒடம்பும் போயிரும். அங்கங்க வேலாமுள்ள வெட்டித் திணிக்கோணும். அது ஒண்ணு. பொறவு ஆட்டுப்பட்டியச் சுத்திக் கலர் சேலையெல்லாம் கட்டிப் பாத்தோம். மினுக்கு மினுக்குன்னு எரியற சோலார் லைட்டு வாங்கி வெச்சோம். ரேடியோவப் பாட வெச்சு உட்டோம், ஒரு வாரம் பயந்துது, அப்பறம் அதுக்கும் பாட்டு புடிச்சுப் போச்சாட்ட இருக்குது. கினிக்கோழி வளத்துங்க, கத்திக் காட்டிக் குடுத்துரும்னு ஒருத்தர் சொன்னாரு. வளத்தோம். கினிக்கோழியவே தூக்கிட்டுப் போயிருச்சு.

மருந்து மட்டும் வெக்காதீங்க தம்பி. கரண்டும் வேண்டாம். நரியக் கொன்னா பாரஸ்ட்டுக்காரங்க கேசு போட்டுருவாங்க, அது ஒரு பக்கம். மருந்த வேற ஏதாச்சும் தின்னுப்போடும், அது இன்னொரு பக்கம்.

நாயி வெச்சா போதுமுங்க. வேற ஒண்ணும் வேண்டாம். நல்ல நாயி ஒண்ணு.

நாங்களா? நாங்க வெக்கல.

பூவாத்தா அக்கா வெச்சிருந்தா. உங்ககிட்டச் சொல்லியிருப்பாளே. சொல்லலியா? சொல்ல மாட்டா. பூச்சின்னு பேரு. குட்டியா இருக்கறப்ப உள்ளங்கை அளவு இருந்துதாம், அதுக்கு அந்தப் பேரு. வளந்து கன்னுக்குட்டியாட்ட ஆயிப்போச்சு, பேரு மட்டும் பூச்சி. அவ ஊட்டுக்காரரு செத்த பொறவு அக்காளுக்கு அந்த நாயிதான் எல்லாம். ஒரே மக, அவளையும் திருப்பூருல கட்டிக்குடுத்தாச்சு. தோட்டத்துல ஒத்தையில ஒரு பொம்பள, கொஞ்சம் செம்மறி, அந்த நாயி. அக்கா சோறு உங்கறப்ப பேசிட்டே உங்குவா. வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேக்கும். "இன்னைக்கு ரசத்துல உப்பு கம்மி, பேசாமத் தின்னு"ம்பா. ஆரோ ஒறம்பரை வந்திருக்கறாங்கன்னு நெனச்சு எட்டிப் பாத்தா, நாயி.

நானும் அக்காளும் இந்த ஊருக்கு ஒரே வருசம் வாக்கப்பட்டு வந்தவிய. ரண்டு தோட்டத்துக்கும் ஒரே வேலி. எனக்கு மொதக் கொழந்தை பொறந்தப்ப அவதான் தண்ணி வார்த்தா. அதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, எனக்கு அவமேல ஒரு கெட்ட எண்ணமும் கெடையாதுங்க. அத நீங்க மொதல்ல தெரிஞ்சுக்கோணும்.

போன ஐப்பசீல மழை நல்லாப் பேஞ்சு, ஆடெல்லாம் ஒண்ணா ஈன ஆரம்பிச்சுது. செம்மறி ஈனுனா குட்டிகள மேச்சலுக்கு ஓட்ட முடியாதுங்க. குடாப்புலதான் அடைக்கோணும். மூங்கில்ல பின்னுனது, கவுத்து வெச்ச பெரிய கூடையாட்ட இருக்கும், அதோ கெடக்குது பாருங்க. தாய் மேய்ஞ்சுட்டு வர்ற வரைக்கும் குட்டிக அதுக்குள்ள இருக்கும். ஒரு நா வெடியால பாத்தா குடாப்பு சாஞ்சு கெடக்குது, ஒரு குட்டியக் காணோம். ரண்டு நா கழிச்சு இன்னொண்ணு. தாய் ஆடு வந்து கூடையச் சுத்திச் சுத்தி வந்து கத்துதுங்க. அந்தச் சத்தத்தக் கேட்டுட்டு ஒருத்தரும் சோறு திங்க முடியாது.

இதுல என்னன்னா, எங்க பட்டீலதான் போச்சு. அக்கா பட்டீல ஒண்ணுகூடப் போகல. ஒரே வேலி, அந்தப் பக்கம் ஒண்ணும் ஆகல, இந்தப் பக்கம் மட்டும் போகுது. நீங்களா இருந்தா என்ன நெனப்பீங்க? வளத்தவ ஆட்டத் தொடாது, பக்கத்துத் தோட்டத்து ஆட்டத்தான் தொடும். அப்பிடித்தானே நெனைக்கத் தோணும்? எனக்கும் அப்பிடித்தான் தோணுச்சு. அது இருக்கறதுனாலதான் அங்க போகலைன்னு எனக்குத் தோணலீங்க. இப்பத் தோணுது. அப்பத் தோணல.

அன்னைக்கு வெடியால நான் பால் பீச்சப் போறேன். பனி எறங்கிக் கெடக்குது. பட்டிக்கு வெளிய பூச்சி நிக்குது. காலடியில ஒரு குட்டி, கழுத்துத் திருகிக் கெடக்குது. நாயோட வாயெல்லாம் ரத்தம். என்னப் பாத்ததும் வால ஆட்டுதுங்க. எனக்கு வந்த ஆங்காரத்துக்கு, கையில இருந்த சொம்பத் தூக்கி எறிஞ்சேன். அது குனிஞ்சு, அப்பிடியே பின்னால போயி, வேலிச் சந்துல நொழைஞ்சு அவ ஊட்டுக்குப் போயிருச்சு.

அதோட காது கிழிஞ்சிருந்துது.

அத நான் பாத்தேன். எடது காது, நுனியில இருந்து பாதி வரைக்கும் கிழிஞ்சு தொங்குச்சு, சொட்டுச் சொட்டா ரத்தம். பாத்தேன், செரி, முள்ளுல கிழிச்சிருக்கும்னு நெனச்சேன். நீங்களே சொல்லுங்க, அந்த நேரத்துல காதப் பாத்துட்டு நிக்க முடியுமுங்களா? என்ற குட்டி செத்துக் கெடக்குது. நேரா அக்கா ஊட்டுக்குப் போனேன். அவ அப்பத்தான் வாசல் தெளிச்சுட்டு இருந்தா.

"அக்கா, உன்ற நாயிதான்"னேன்.

அவ தண்ணிச் சட்டியக் கீழ வெச்சா. என்ற மூஞ்சியப் பாத்தா. "நீ கண்ணுல பாத்தயா மயிலா?"ன்னா.

"பாத்தேன்."

"குட்டியக் கடிக்கறதப் பாத்தயா?"

"பாத்தேன்கறேன், அப்பறம் என்ன?"

பாத்தது பாத்ததுதானுங்களே. குட்டி கெடந்துது, நாயி நின்னுது, வாயில ரத்தம். கடிக்கறதப் பாக்கல, செரி. ஆனா அதையும் பாத்த மாதிரித்தான் எனக்கு அப்ப இருந்துது. பொய் சொல்லோணும்னு சொல்லலீங்க.

அவ என்னோட சண்டைக்கு வந்திருந்தான்னா நல்லா இருந்திருக்கும். நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், அவளும் பேசியிருப்பா, மத்தியானம் ஆறிப்போயிருக்கும். ஆனா அவ "நீ சொன்னாச் செரிதான்"னா. "ரத்தம் ருசி கண்ட நாய வெச்சுக்கக் கூடாது. சென்னியப்பங்கிட்டச் சொல்லி எங்கியாச்சும் கொண்டுபோயி உடச் சொல்லு. அடிக்க மட்டும் வேண்டாம்"னா.

சென்னியப்பன்னா எங்கூட்டுக்காரரு.

அவரு ஒரு குட்டியானை லோடு வண்டி புடிச்சுட்டு வந்தாரு. நாயி ஏற மாட்டீங்குது. அவரு கூப்புட்டாரு, கவுறு போட்டு இழுத்தாரு, உறுமுது. நான் ஒரு துண்டுக் கருவாட்டக் காட்டுனேன், திரும்பிக்கூடப் பாக்கல. கடைசீல அக்கா வந்தா. வண்டியோட பலகையக் கையில தட்டி, "ஏறு சாமி"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. ஒரே தாவா ஏறி உக்காந்துக்கிச்சு. அவளும் கூட வருவாள்னு நெனச்சுக்கிச்சாட்ட இருக்குது, பக்கத்துல எடம் உட்டு உக்காந்துது. அக்கா முந்தானையில அதோட காதத் தொடச்சு உட்டா. தொடைக்கறப்ப அவளும் அந்தக் கிழிசலப் பாத்திருப்பா. என்னப் பாக்கல. ஊட்டுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டா.

நானும் கூடப் போனேன். அவரு மட்டும் போனா பாதீலயே எறக்கி உட்டுருவாரு, அது திரும்பி வந்துரும்னு எனக்கு ஒரு பயம். மூலனூரு தாண்டி, ரோட்டோரம் ஒரு கறிக்கடை இருக்குது, அங்க உட்டா எலும்பாச்சும் கெடைக்கும்னு அங்க எறக்கினோம். வண்டிய எடுத்தோம். பின்னாலயே ஓடி வருதுங்க. கண்ணாடீல தெரியுது. அவரு மெதுவா ஓட்டறாரு. "என்ன இப்பிடி ஓட்டறீங்க, முடுக்குங்க"ன்னு நான்தான் சொன்னேன். முடுக்குனாரு. கொஞ்ச தூரம் வந்துது. அப்பறம் சின்னதாயிருச்சு.

அதுக்குப் பொறவு ஒரு மாசம் இருக்கும், அக்கா ஆட்டையெல்லாம் வித்துப்போட்டுத் திருப்பூரு போயிட்டா. மகளுக்குக் கொழந்தை பொறந்திருந்துது, பாத்துக்க ஆளு வேணும்னு கூப்புட்டா, போனா. நாயால போனாள்னு சில பேரு சொல்றாங்க. அப்பிடியெல்லாம் இல்லீங்க. மக கூப்புட்டாப் போகாம இருக்க முடியுமா? அதுக்கு முந்தி மூணு வருசமா கூப்புட்டுட்டேதான் இருந்தா, அது வேற விசயம். அந்த ஒரு மாசமும் எங்க பட்டீல ஒண்ணும் போகல. அப்பாடான்னு இருந்துது. பாத்தீங்களா, நாந்தான் சொன்னேனேன்னு எங்கூட்டுக்காரர்கிட்டக்கூடச் சொன்னேன்.

அவ போயி பத்து நா இருக்காது. குடாப்பு சாஞ்சு கெடந்துது.

நான் வேற நாயா இருக்கும்னேன். அவரு அடுத்த நா இருட்டோட போயி வேப்பமரத்துக்குப் பின்னால நின்னிருக்கறாரு. வெளுக்கறப்ப வந்து என்ன எழுப்புனாரு. "நரி. எட்டடி தூரத்துல பாத்தேன். பின்னங்கால்ல பழைய காயம், நாயிக் கடி, அது ஆறற வரைக்குந்தான் வரல. நொண்டிட்டே குட்டியத் தூக்கிட்டுப் போகுது"ன்னாரு. அப்பறம் அவசரமா வெளிய போயிட்டாரு. வாசல்ல நின்னுட்டு, "நம்ம பட்டிக்குக் காவல் இருந்த நாயக் கொண்டுபோயி உட்டுட்டு வந்திருக்கறோம்"னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. அன்னைக்கு இருந்து இந்த வேலி அடிக்கு முள்ளு திணிக்கறதுதான் அவருக்கு வேலை. சந்தே இல்லாத எடத்துலயும் திணிச்சுட்டு இருக்கறாரு.

நான் சும்மா இருக்கலீங்க. அதையும் சொல்லீர்றேன். அவருகிட்டச் சொல்லாம மூலனூருக்குப் பஸ் ஏறிப் போனேன். அந்தக் கறிக்கடைக்காரருகிட்டக் கேட்டேன். "ஆமாங்க அம்மிணி, காது கிழிஞ்ச நாயி ஒண்ணு இங்கதான் இருந்துது"ன்னாரு. "ரோட்டோரமே படுத்திருக்கும். குட்டியானை எது வந்தாலும் எந்திரிச்சு நின்னு பாக்கும், போனதும் படுத்துக்கும். கறி போட்டாக்கூட ரோட்டப் பாத்துட்டேதான் திங்கும். ஒரு நா பாத்தேன், இல்ல"ன்னாரு. செத்துப் போச்சான்னு கேட்டேன். தெரியாதுங்கன்னுட்டாரு. வெயில்ல ரோட்டுல நடந்து போயிக் கூப்புட்டுப் பாத்தேன். பூச்சி, பூச்சின்னு. வண்டீல போறவங்கெல்லாம் பாக்கறாங்க. பொம்பள எதையோ தொலைச்சுட்டான்னு ஒருத்தர் நிறுத்திக்கூடக் கேட்டாரு. என்ற சத்தத்துக்கு அது எப்பவுமே வந்ததில்லீங்க. அக்கா கூப்புட்டாத்தான் வரும்.

செரி, அக்காகிட்டச் சொல்லீரலாம்னு முடிவு பண்ணித்தான் திருப்பூரு போனேன். சொல்லோணும்னுதான் போனேன், சாமி சத்தியமா. பையில கொஞ்சம் தட்டப்பயிறு, நம்ம காட்டு எள்ளு, ஒரு சீசா நெய். மாடி ஊடு. கீழ பனியன் தைக்கற மிசினு சத்தம் விடாமக் கேக்குது. அக்கா தரையில உக்காந்து பனியனுக்குப் பிசிறு வெட்டிட்டு இருக்கறா, மடியில பேத்தி தூங்குது. என்னப் பாத்ததும் அவ மூஞ்சியில அப்பிடி ஒரு சிரிப்பு. காப்பி வெச்சுக் குடுத்தா. மூளிக்காது ஆடு ஈனிருச்சான்னு கேட்டா, கிணத்துல தண்ணி எவ்வளவு இருக்குதுன்னு கேட்டா. எல்லாத்துக்கும் பதில் சொல்றேன். நெஞ்சுக்குள்ள, இப்பச் சொல்லீரு, இப்பச் சொல்லீருன்னு அடிச்சுக்குது.

அப்பறம் அவளே கேட்டா. கத்திரிக்கோல் வெட்டிட்டே இருக்குது, தலை நிமிரல. "அப்பறம் குட்டி ஏதாச்சும் போச்சா மயிலா?"

"இல்லக்கா. ஒண்ணும் போகல"ன்னேன்.

நான் சொல்லலீங்க, நாக்கு சொல்லிருச்சு.

அவ ஒரு பெருமூச்சு உட்டா. "அப்ப நாம செஞ்சது செரிதான்"னா. கொஞ்ச நேரம் வெட்டுனா. பொறவு சொல்றா, "எனக்கு ஒரு எண்ணம் இருந்துது. அது போன பொறவும் குட்டி போச்சுன்னு தெரிஞ்சா, மூலனூருக்குப் போயித் தேடிப் பாத்தரலாம்னு. என்ற சத்தம் கேட்டா எங்க இருந்தாலும் வந்துரும். இனி வேண்டாம். மனசு ஆறிப்போச்சு"ன்னா.

இதுக்கு மேல என்ன தம்பி சொல்றது? நீங்களா இருந்தாச் சொல்லுவீங்களா? தன் கையால ஏத்தி உட்டவ. ஏறு சாமின்னு சொன்னவ. அவகிட்டப் போயி, அது ஒரு தப்பும் பண்ணல, உன்ற ஆட்டையும் என்ற ஆட்டையும் காத்துட்டு இருந்துதுன்னு சொன்னா, அந்த மாடீல உக்காந்துட்டு அவ என்ன பண்ணுவா? அவளாச்சும் நிம்மதியா இருக்கட்டும்னுதான் நான் சொல்லல. எனக்காக இல்ல. எனக்கென்ன பயம்?

அதுக்குத்தான் இவ்வளவையும் உங்ககிட்டச் சொல்றனுங்க. நீங்க ஞாயித்துக்கெழமை அவளப் பாக்கத் திருப்பூரு போறதாக் கேள்விப்பட்டேன். போனா, இந்த நரியப் பத்தி மட்டும் வாயத் தெறக்காதீங்க. ஆடெல்லாம் நல்லா இருக்குது, ஒரு தொந்தரவும் இல்லைன்னு சொல்லிப்போடுங்க. ஒரு வார்த்தை. உங்களுக்கு என்ன போகுது?

என்னது?

சொல்லீட்டீங்களா? எப்ப? ...இன்னைக்கு வெடியாலயா? போன்லயா?

என்னன்னு சொன்னீங்க? நரி வருது, என்ன பண்றதுன்னு கேட்டீங்களா. அவ தோட்டம், அவகிட்டத்தான் கேப்பீங்க. நீங்க கேட்டது தப்பில்ல. நாந்தான் உங்களப் பேசவே உடல.

அவ என்ன சொன்னா?

எத்தன நாளா வருதுன்னு கேட்டாளா. ம். காலு நொண்டுதான்னு கேட்டாளா? அவளுக்கு எப்பிடித் தெரியும்? ...இல்ல, தெரிஞ்சிருக்கும். காதத் தொடச்சவ. கிழிசல் எப்பிடி ஆயிருக்கும், நாயி திருப்பி எங்க கடிச்சிருக்கும்னு ரோசனை பண்ணியிருப்பா.

வேற என்ன கேட்டா? சொல்லுங்க தம்பி, என்ற மூஞ்சியப் பாக்காதீங்க, சொல்லுங்க.

மயிலாளுக்குத் தெரியுமான்னு கேட்டாளா.

அதக் கேட்டுட்டு வரச் சொல்லித்தான் நீங்க வந்தீங்களா?

...

போனக் குடுங்க. இல்ல, எனக்கு அதுல போடத் தெரியாது, நீங்களே போட்டுக் குடுங்க. அடிக்குதா? கொஞ்சம் இருங்க, கைய ஈரமா வெச்சிருக்கறேன். ம், குடுங்க.

அக்கா. நாந்தான்.

ஆமா, தம்பி இங்கதான் இருக்கறாரு. ...தெரியும். தெரியும்க்கா. நான் திருப்பூரு வந்தப்பவே தெரியும். ...இல்ல, நான் கடிக்கறதப் பாக்கல. நின்னதத்தான் பாத்தேன். ...காதையும் பாத்தேன். ...போனேன்க்கா, மூலனூருக்குப் போயித் தேடுனேன். கறிக்கடைகிட்ட இருந்துருக்குது. இப்ப இல்ல. கூப்புட்டுப் பாத்தேன், நான் கூப்புட்டு அது வருமா? நீ வா. நாளைக்கே வா, நான் மூலனூரு பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன், நீ கூப்புடு. ரண்டு பேரும் ரோடு பூராக் கூப்புட்டுப் பாக்கலாம். அக்கா?

அக்கா, கேக்குதா?

தம்பி, இது கட்டாயிருச்சுங்களா பாருங்க. சத்தமே இல்ல. ...கட்டாகலையா? அவ லைன்லதான் இருக்கறாளா?

செரி. அப்ப போன எங்கிட்டிருந்து வாங்காதீங்க. அவ வெக்கற வரைக்கும் நான் இப்பிடியே வெச்சுட்டு இருக்கறேன்.